கடலோர வீட்ல சின்ன ரூமுக்கு நாமளே செய்ற ஸ்டுடியோ மானிட்டர்: பிளான்ல இருந்து கடைசி ஸ்க்ரூ வரைக்கும்

தொண்டில இருந்து மூக்கையூர் வரைக்கும் நம்ம ராமநாதபுரம் கரையில வீட்டுக்குள்ளயே சின்னதா ஸ்டுடியோ வச்சிருக்கவங்க இப்ப நிறைய ஆயிட்டாங்க. தங்கச்சிமடத்துல கொயர் பாட்டு எடுக்குறவங்க, கீழக்கரைல இஸ்லாமிய கீதம் பண்றவங்க, யூடியூப்புக்கு வாய்ஸ் குடுக்குறவங்க, கல்யாண வீடியோவுக்கு மிக்ஸ் போடுறவங்கன்னு எல்லாருக்கும் ஒரே தேவைதான், வீட்ல கேட்டா எப்படி இருக்கோ அதே மாதிரி வெளிய கார்லயும் போன்லயும் கேக்கணும். அதுக்கு நேர்மையான ஒரு ஜோடி மானிட்டர், அதாவது உள்ள சத்தத்த கூட்டாம கொறைக்காம அப்படியே குடுக்குற ஸ்பீக்கர் வேணும். நாமளே செய்யலாம்னு ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் முதல்ல கேக்குறது "எத்தன இன்ச் வூஃபர் வாங்கட்டும்?"ன்னுதான், வூஃபர்னா பேஸ் அடிக்கிற பெரிய ஸ்பீக்கர். அந்த கேள்வி நாலாவதா வர வேண்டியது. முதல்ல ரூம், ரெண்டாவது நம்ம ஊர் உப்புக்காத்து, மூணாவது பெட்டி, அதுக்கப்புறந்தான் டிரைவர், அதாவது வூஃபர் மாதிரி பெட்டியில மாட்டுற ஸ்பீக்கர் யூனிட். இந்த வரிசையில பிளான் பண்ணா செலவும் கொறயும், செஞ்ச ஸ்பீக்கர் பல வருசம் நிக்கவும் செய்யும்.

முதல்ல டேப்ப எடுத்து ரூம அளங்க

நீளம், அகலம், உயரம் மூணையும் மீட்டர்ல எழுதிக்கோங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ரூமுக்குள்ள 30 டிகிரி சாதாரணமா இருக்கும், அந்த சூட்டுல சத்தம் ஒரு செகண்டுக்கு சுமாரா 349 மீட்டர் போகும். 349ஐ ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா அந்த நீளத்துல எந்த பேஸ் நோட்டு தேங்கி நிக்கும்னு தெரிஞ்சிரும். 12 அடின்னா 3.66 மீட்டர், அதுக்கு 48 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். இப்ப பாருங்க, 10க்கு 10 ரூம், மேல கான்கிரீட் ரூஃபும் 10 அடியில இருந்தா மூணு பக்கமும் அதே 57லயே வந்து விழும், அந்த ஒரு நோட்டு மட்டும் ரூமே அதிர்ற மாதிரி ஒலிக்கும், பக்கத்து நோட்டு காணாமப் போகும். அப்படி சதுரமான ரூம்ல எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வச்சாலும் கீழ் சுருதி பொய் சொல்லும். வீட்ல வேற ரூம் இருந்தா நீளவாக்குல இருக்க ரூம எடுத்துக்கோங்க, காசு குடுக்காம கிடைக்கிற பெரிய முன்னேற்றம் இது.

ஓலைக் கூரையோ தகரக் கூரையோ இருக்க ரூம்னா பேஸ் வெளிய கசிஞ்சு போயிரும், அதனால தேங்குறது கம்மியா இருக்கும், கேக்குறதுக்கு அது ஒரு வகையில நல்லது. ஆனா வெளிச்சத்தம் உள்ள வரும், மழை பெஞ்சா வேலையே நடக்காது, ஈரமும் கூட இருக்கும். இந்த வழிகாட்டில நான் கணக்கு போடுறது 10க்கு 12 காங்கிரீட் ரூமுக்கு, உங்க அளவ அந்த இடத்துல போட்டுக்கோங்க.

ஸ்பீக்கர் ரெண்டையும் 10 அடி சுவர் பக்கம் வச்சு 12 அடி நீளத்த பாத்து அடிக்க விடுங்க. உக்கார்ற இடம் முன் சுவர்ல இருந்து நீளத்துல 38 சதவீதம்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, நம்ம ரூமுக்கு அது 1.39 மீட்டர். இது ஆரம்பப் புள்ளிதான், அப்புறம் அளந்து முன்ன பின்ன நகத்தலாம். ரூமோட நட்ட நடுவுல மட்டும் உக்காராதீங்க, அங்க முதல் நோட்டு அப்படியே செத்துப் போகும்.

அடுத்தது சுவர்ல பட்டு திரும்பி வர்ற சத்தம். ஸ்பீக்கரோட முன் பலகை சுவர்ல இருந்து எவ்வளவு தூரமோ அதோட நாலு மடங்கால 349ஐ வகுங்க, அந்த ஹெர்ட்ஸ்ல ஒரு பள்ளம் விழும். அரை மீட்டர் தள்ளி வச்சா 175 பக்கம், ஆம்பளைக் குரலோட கனம் இருக்க இடம். ஒரு மீட்டர் தள்ளுனா 87, பேஸ் கிட்டாரும் கிக்கும் அடி வாங்கும். அதையே பெட்டியோட முதுகு சுவர ஒட்டி ஒரு சாண் கூட இல்லாம நெருக்கி, முன் பலகை 30 சென்டிமீட்டர்ல வர்ற மாதிரி வச்சா பள்ளம் 290க்கு ஏறிடும். 290ல விழுற பள்ளத்த சுவர்ல ஒரு நாலு இன்ச் ராக்வூல் (பாறைய உருக்கி இழுத்த பஞ்சு) பேனல் மாட்டி சரி பண்ணலாம், 87ல விழுறத வீட்ல இருக்க எதாலயும் சரி பண்ண முடியாது. அதனால சின்ன ரூம்ல சுவரோட நெருக்கி வைக்கிறதுதான் என் முடிவு.

1.2 மீட்டர் பக்கம் இருக்க சம முக்கோணம் போட்டா உக்கார்ற இடம் முன் சுவர்ல இருந்து 1.34 மீட்டர் வரும், அந்த 38 சதவீதக் கணக்குக்கு ரொம்ப கிட்ட. ட்வீட்டர் (மேல் சுருதிக்கான சின்ன டிரைவர்) உங்க காது உயரத்துல இருக்கணும், நாற்காலில நீங்க உக்காந்து தரையில இருந்து காது வரைக்கும் அளந்துக்கோங்க.

உப்புக்காத்து

வெளியூர்க்காரங்க எழுதுன வழிகாட்டி எதுலயும் இது இருக்காது, ஆனா நமக்கு இதுதான் பாதி பிளான். 1914ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் ஆயுசு பூரா துருவோடதான் போராடுச்சு, 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் தனி பெயின்ட்டும் போட்டது இந்தக் காத்துக்காகத்தான். இரும்பு, செம்புன்னு எந்த உலோகம் எவ்வளவு வேகத்துல அரிக்குதுன்னு காரைக்குடில இருக்க செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆராய்ச்சிக்காரங்க மண்டபத்துல வச்சுப் பாத்திருக்காங்க. அந்தக் காத்துலதான் நம்ம ஸ்பீக்கரும் மூச்சு விடப் போகுது.

அதனால சாமான் எடுக்கும்போதே சில விஷயத்துல விட்டுக்குடுக்கவே கூடாது. கோனோட (முன்னாடி ஆடுற கூம்பு) விளிம்பு ரப்பரா இருக்கணும், ஃபோம் விளிம்பு சூட்டுலயும் ஈரத்துலயும் சில வருசத்துல தொட்டா உதிர்ற மாதிரி ஆயிரும். கோன் பாலிப்ராப்பிலீனோ கோட்டிங் குடுத்த பேப்பரோ எடுங்க, வெறும் பேப்பர் ஈரத்த இழுத்து கனம் ஏறும். கோனப் புடிச்சு நிக்கிற கூடு வார்ப்பு அலுமினியமா இருந்தா நல்லது, தகரத்துல அழுத்துன கூடுன்னா பெயின்ட் உரிஞ்ச இடத்துல துரு புடிக்கும். காந்தம் ஃபெரைட்டா இருக்கட்டும், அது ஏற்கனவே இரும்பு ஆக்சைடு சம்பந்தப்பட்ட பொருள், இனிமே துருப்பிடிக்க அதுல ஒண்ணும் இல்ல. நியோடிமியம் காந்தம் சின்னதா லேசா அழகா இருக்கும், மேல் பூச்சு ஒரு இடத்துல போச்சுன்னா பொரிஞ்சு போகும். ஸ்க்ரூ 304 ஸ்டெயின்லெஸ், முடிஞ்சா 316. வயர் வெள்ளீயம் பூசுன செம்பு. சாதா செம்பு வயர் ரப்பருக்குள்ளயே கறுத்துப் போறத போட்ல வயரிங் பண்றவங்கள கேட்டா கதை கதையா சொல்லுவாங்க.

பெட்டி: மூடுன பெட்டியே போடுங்க

கடையில விக்கிற மானிட்டர்ல முக்காவாசி ஓட்டை வச்சது, போர்ட்டுன்னு சொல்றது. அது சின்னப் பெட்டியில கொஞ்சம் கூட பேஸ் குடுக்கும், மறுக்கல. ஆனா நம்ம நெலமைக்கு மூடுன பெட்டிதான் சரின்னு நான் உறுதியா சொல்லுவேன். ஓட்டைப் பெட்டி ட்யூன் பண்ண இடத்துக்குக் கீழ, ஹெர்ட்ஸ் பாதியாகுற ஒவ்வொரு தடவையும் 24 டெசிபல் வீதம் செங்குத்தா விழும், மூடுன பெட்டி 12 வீதம் மெதுவா இறங்கும், அந்த மெதுவான இறக்கத்த ரூமும் சுவரும் சேந்து கொஞ்சம் தூக்கிக் குடுத்துரும், மிச்சத்த டிஎஸ்பில (சத்தத்த நம்பரா மாத்தித் திருத்துற சின்ன போர்டு) தூக்கலாம். பேஸ் நோட்டு நின்ன உடனே நிக்கும், இழுக்காது. 1978ல வந்த யமஹா என்எஸ்-10, வெள்ளைக் கோன் வச்ச அந்தச் சின்ன ஸ்பீக்கர் உலகம் பூரா ஸ்டுடியோவுல வருசக்கணக்கா நின்னுச்சே, அதுவும் மூடுன பெட்டிதான். நமக்குன்னு இன்னொரு காரணமும் இருக்கு: ஓட்டை வழியா ஒவ்வொரு அடிக்கும் உப்புக்காத்து உள்ள போய் வெளிய வரும், அது காந்தத்துக்குப் பின்னாடியும் டெர்மினல்லயும் போய் ஒக்காரும். மூடிட்டா உள் பக்கம் தப்பிச்சிரும்.

எம்டிஎஃப் (மரநார அமுக்கிச் செய்ற பலகை) வேணாம். சத்தத்துக்கு அது நல்ல பலகைதான், ஆனா ஐப்பசி கார்த்திகை மழையில ஓரம் ஊதி ஸ்க்ரூ புடிப்பு விட்டுரும். 18 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட் எடுங்க, பலகை மேல ஐஎஸ் 710ன்னு முத்திரை இருக்கணும், ஐஎஸ் 303ன்னு இருந்தா அது வேற தரம், கடைக்காரர் ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னா நம்பாதீங்க. 8க்கு 4 ஷீட்ல பாதி இருந்தா ஜோடிக்கு தாராளமா போதும்.

5 இன்ச் வூஃபருக்கு வெளி அளவு அகலம் 20, உயரம் 32, ஆழம் 24 சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க. ஒரு பெட்டிக்கு முன் பின் பலகை 20க்கு 32ல ரெண்டு, பக்கப் பலகை 32க்கு 20.4ல ரெண்டு, மேல் கீழ் 16.4க்கு 20.4ல ரெண்டு. உள்ள சுமாரா 9.5 லிட்டர் வரும், டிரைவரும் குறுக்குச் சட்டமும் எடுத்துக்கிறது போக 8 லிட்டர்னு கணக்கு வைக்கலாம்.

இப்பதான் டிரைவர்

டேட்டாஷீட்ட பாக்காம எந்த வூஃபரும் வாங்காதீங்க. ஆஸ்திரேலியால நெவில் தீல் 1961லயும், அவருக்கு அப்புறம் ரிச்சர்ட் ஸ்மால் 1970கள்லயும் போட்டுக் குடுத்த கணக்கு இருக்கு, அந்த நம்பர்கள் இருந்தா பெட்டிய கட்டுறதுக்கு முன்னாடியே பேஸ் எங்க நிக்கும்னு சொல்லிரலாம். மூணு நம்பர் முக்கியம்: எஃப்எஸ் (டிரைவர் தானா அதிர்ற ஹெர்ட்ஸ்), கியூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்பாடா அடங்குதுங்கிறது), விஏஎஸ் (கோனோட ஸ்பிரிங்குக்குச் சமமான காத்து, லிட்டர்ல).

ஒரு உதாரணத்துக்கு எஃப்எஸ் 45, கியூடிஎஸ் 0.40, விஏஎஸ் 14 லிட்டர் இருக்க டிரைவர எடுங்க. 14ஐ பெட்டி 8ஆல வகுத்து ஒண்ணு கூட்டுனா 2.75, அதோட வர்க்கமூலம் 1.66. இத கியூடிஎஸ்ஸோட பெருக்கினா 0.66, எஃப்எஸ்ஸோட பெருக்கினா 75 ஹெர்ட்ஸ். 0.66ன்னு வந்துச்சே, அந்த நம்பர் 0.5க்கும் 0.7க்கும் நடுவுல இருந்தா பேஸ் கட்டுப்பாடா இருக்கும், 1ஐ தாண்டுனா குண்டு குண்டுன்னு கேக்கும், அது வேடிக்கைக்கு நல்லாருக்கும் மிக்ஸுக்கு ஆகாது. 75க்கு கீழ இயல்பா இறங்க ஆரம்பிக்கும், டிஎஸ்பில லிங்க்விட்ஸ் டிரான்ஸ்ஃபார்ம்னு ஒரு ஃபில்டர் போட்டு 50 வரைக்கும் இழுக்கலாம், ஆனா அதுக்கு 7 டெசிபல் தூக்கணும், அதாவது அந்த இடத்துல அஞ்சு மடங்கு பவர், கோனும் ரெண்டு மடங்குக்கு மேல கூட ஆடும். அதனால எக்ஸ்மேக்ஸ்ங்கிற நம்பர் (கோன் ஒரு பக்கமா ஒழுங்கா ஆடக்கூடிய தூரம்) 5 மில்லிமீட்டராவது இருக்க டிரைவரா பாருங்க. அதுக்கும் கீழ போகணும்னு ஆசைப்படாதீங்க, 10க்கு 12 ரூம்ல 40 ஹெர்ட்ஸ சரியா கேக்க ஸ்பீக்கர் மட்டும் பத்தாது, அத நல்ல ஹெட்ஃபோன்ல சரி பாத்துக்கலாம்.

எஸ்பி அகூஸ்டிக்ஸ், டேட்டன் ஆடியோ மாதிரி கம்பெனிங்க டேட்டாஷீட்ட ஒழுங்கா போடுறாங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கிற பேர் இல்லாத வூஃபர் விலை கம்மியாத்தான் இருக்கும், நம்பர் இல்லன்னா அத வச்சு பிளான் போட வழியே இல்ல. வெளிநாட்ல இருந்து வர வச்சா கஸ்டம்ஸ் டியூட்டியும் கணக்குல சேத்துக்கோங்க.

ட்வீட்டர் 1 இன்ச் சில்க் டோம், அதோட எஃப்எஸ் 1000க்கு கீழ இருந்தா 2200 ஹெர்ட்ஸ்ல நிம்மதியா பிரிக்கலாம், அதுக்குக் கீழ வூஃபர், மேல ட்வீட்டர். 2200க்கு அலைநீளம் 16 சென்டிமீட்டர், வூஃபர் நடுவுக்கும் ட்வீட்டர் நடுவுக்கும் இடைவெளி அதுக்குள்ள இருக்கணும், ரெண்டையும் விளிம்பு முட்ட நெருக்கி 13ல வச்சா நாற்காலில கொஞ்சம் நிமிர்ந்தாலும் குனிஞ்சாலும் சத்தம் மாறாது.

பிரிக்கிறதும் பவரும்

பாஸிவ் கிராஸோவர், அதாவது காயிலும் கெப்பாசிட்டரும் வச்சு பெட்டிக்குள்ள பிரிக்கிறது, கைப்பழக்கம் இருக்கவங்களுக்கு. முதல் தடவை செய்றவங்க டிஎஸ்பிக்கு போயிருங்க, தப்பா வந்தா லேப்டாப்ல நம்பர மாத்துனா போதும், காயில் வாங்கி வாங்கி மாத்த வேணாம். ஏடிஏயூ1701 சிப் வச்ச போர்டு விலை கம்மி, ரெண்டு இன்புட்டு நாலு அவுட்புட்டு, டூவே ஸ்டீரியோவுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும், சிக்மாஸ்டுடியோங்கிற ஃப்ரீ சாஃப்ட்வேர்ல செட் பண்ணணும். அந்தத் தலவலி வேணாம்னா மினிடிஎஸ்பி 2x4 எச்டி, விலை கூட, வேலை சுலபம்.

பிரிக்கிறது நாலாம் ஆர்டர் லிங்க்விட்ஸ் ரைலிங்கிற ஃபில்டர்ல, 2200ல. அப்புறம் பலகை அகலத்தால வர்ற ஒரு விஷயம்: 115ஐ மீட்டர் அகலத்தால வகுத்தா 20 சென்டிமீட்டர் பலகைக்கு 575 ஹெர்ட்ஸ், அதுக்குக் கீழ சத்தம் பெட்டிய சுத்தி பின்னாடி போக ஆரம்பிச்சு முன்னாடி மெலிஞ்சு கேக்கும். திறந்த வெளியில 6 டெசிபல் வரைக்கும் ஈடு கட்டணும், நாம சுவர ஒட்டி வைக்கிறதால 3ல ஆரம்பிச்சு காதாலயும் அளந்தும் முடிவு பண்ணுங்க.

பவர் நெறைய வேணும்னு நெனப்போம், கணக்கு போட்டா அப்படி இல்ல. 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி (1 வாட்ல ஒரு மீட்டர்ல வர்ற சத்தம்) இருக்க 8 ஓம் டிரைவர் 25 வாட்ல ஒரு மீட்டர்ல 100 டெசிபல் போகும், மிக்ஸ் பண்றது 75, 80லதான். டிபிஏ3116 ஆம்ப் போர்டு ரெண்டு, 24 வோல்ட் நல்ல எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையோட போதும். ஃபேன் வச்ச ஆம்ப் வேணாம், ஃபேன் உப்பையும் சேத்து இழுக்கும். எல்லா போர்டையும் ஸ்பீக்கர் பெட்டிக்கு வெளிய தனி அலுமினிய டப்பால வைங்க, மாட்டுறதுக்கு முன்னாடி கனெக்டர்ல டேப் ஒட்டி மறைச்சிட்டு அக்ரிலிக் கோட்டிங் ஸ்ப்ரே அடிங்க. ட்வீட்டருக்குப் போற வயர்ல தொடரா (சீரீஸ்ல) 30 மைக்ரோஃபேரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒண்ணு கண்டிப்பா, கரண்டு போய் போய் வர்ற ஊர்ல ஆம்ப் ஒரு தடவ டொப்புன்னு அடிச்சா ட்வீட்டர் காயில் போயிரும், இது காப்பாத்தும். பழைய இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா இருந்தா ஹம்மும் இரைச்சலும் வரும், சைன் வேவ் பாத்து மாட்டுங்க. வீட்டு எர்த்து கம்பிய எலக்ட்ரீஷியன வச்சு செக் பண்ணுங்க, உப்பு மண்ணுல அது அரிச்சுப் போயி பேருக்கு மட்டும் இருக்க வீடு நிறைய. ஹம் போகணும்னு எர்த் பின்ன மட்டும் புடுங்கி விட்றாதீங்க, உயிர் சம்பந்தப்பட்டது.

கட்டுறது

ஆசாரிகிட்ட வெட்டக் குடுக்கும்போது அளவ மில்லிமீட்டர்ல எழுதிக் குடுங்க, எல்லாப் பலகையும் ஒரே செட்டிங்ல வெட்டச் சொல்லுங்க. டிரைவர் ஓட்டைய ரவுட்டர்ல எடுத்து விளிம்ப பலகையோட சமமா பதிக்கணும். வூஃபர் ஓட்டைக்கு பின் பக்கம் 45 டிகிரி சாய்ச்சு செதுக்கச் சொல்லுங்க, இல்லன்னா 18 மில்லி கனத்துல கோனோட முதுகு மூச்சு முட்டும். நடுவுல ஜன்னல் சட்டம் மாதிரி ஒரு குறுக்கு. ஒட்டுறதுக்கு வாட்டர்ப்ரூஃப் பசை, உள் மூலை எல்லாம் பசையாலயே ஒரு கோடு இழுத்து அடைங்க.

இப்ப நம்ம ஊரோட வசதி ஒண்ணு. ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப் போடுறவங்க மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் இருக்காங்க, கட்டையில ஈரம் ஏறாம அடைக்கிறது அவங்களுக்கு தினப்படி வேலை. பிளைவுட்டோட வெட்டுன ஓரம்தான் தண்ணி குடிக்கிற வாய், அங்க எபாக்சி ரெசின் ரெண்டு கை பூசச் சொல்லுங்க. போட்டுக்கு போடுற பாலியஸ்டர் ரெசினும் வேலை செய்யும், மரத்துல புடிப்பு எபாக்சிக்குத்தான் கூட. நீங்களே பூசுனா காத்தோட்டமான எடத்துல கையுறையும் கண்ணாடியும் போட்டுட்டு செய்ங்க, பாலியஸ்டருக்கு கலக்குற கேட்டலிஸ்ட் கண்ணுல பட்டா பெரிய ஆபத்து. உள் பக்கமும் ஒரு கை பூசுங்க, வெளிய பியு (பாலியூரித்தேன்) பெயின்ட்.

பெட்டிக்குள்ள தலகாணிக்கு போடுற பாலியஸ்டர் பஞ்ச தளர்வா நெரப்புங்க, அமுக்கித் திணிக்க வேணாம். இலவம்பஞ்சு போடலாமான்னு கேப்பாங்க, ஈரம் இழுக்கும், பூஞ்சை புடிக்கும், வேணாம். வயர நேரா சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போடுங்க, சொருகுற கிளிப்பு நாளாக நாளாக பச்சை பூத்துரும். கேஸ்கெட் வச்சு டிரைவர மாட்டுனதும் வூஃபர் கோன விரலால மெதுவா அமுக்கி விடுங்க, ஆடி அசைஞ்சு மெதுவா திரும்பி வந்தா பெட்டி அடைச்சிருக்கு, டப்புன்னு வந்தா எங்கயோ கசியுது.

அளக்குறது

அளக்குற சாஃப்ட்வேர் ரூம் ஈக்யூ விசார்டு ஃப்ரீ, கிராஸோவர் டிசைனுக்கு விட்யூக்ஸ்கேடும் ஃப்ரீ. மைக் மட்டும் வாங்கணும், யூமிக்-1 மாதிரி கேலிபரேஷன் ஃபைலோட வர்ற யூஎஸ்பி மைக்.

ஸ்பீக்கர மட்டும் தனியா அளக்க மொட்டை மாடிதான் சரியான எடம். விடியக்காலைல, கடக்காத்து ஏறுறதுக்கு முன்னாடி போங்க, கச்சான் (தென்மேற்குக் காத்து) வீசுற மாசத்துல அந்த நேரமும் கிடைக்கிறது கஷ்டம், அப்ப ரூமுக்குள்ளயே செய்ங்க. மேசை மேல ஸ்டூல் போட்டு 2 மீட்டர் உயரத்துல ஸ்பீக்கர், அதே உயரத்துல ஒரு மீட்டர் தள்ளி மைக். தரையில பட்டு வர்ற சத்தம் 9 மில்லிசெகண்ட் கழிச்சுதான் வரும், அதுவரைக்கும் வெட்டி எடுத்தா 110 ஹெர்ட்ஸுக்கு மேல சுத்தமான அளவு கிடைக்கும். வூஃபர், ட்வீட்டர் தனித்தனியா, நேரா ஒண்ணு, 15, 30, 45 டிகிரி திருப்பி ஒவ்வொண்ணு. நேரா பாத்தா தட்டையாவும் திருப்பத் திருப்ப மேல் சுருதி சீரா இறங்கியும் இருந்தா டிசைன் நல்லாருக்கு.

அப்புறம் ரூம்ல உக்கார்ற எடத்துல அளங்க. 300 ஹெர்ட்ஸுக்கு கீழ தூக்கி நிக்கிற மேட்ட மட்டும் டிஎஸ்பியோட ஈக்யூல (ஹெர்ட்ஸ் வாரியா கூட்டிக் கொறைக்கிற ஃபில்டர்) வெட்டுங்க. பள்ளத்த தூக்காதீங்க, அங்க எவ்வளவு பவர் குடுத்தாலும் சுவர்ல இருந்து வர்ற எதிர் அலையும் அதே அளவு கூடும், ஆம்ப்தான் சூடாகும். நாற்காலிய ஒரு சாண் நகத்தி திரும்ப அளந்து பாருங்க, பல பள்ளம் அதுலயே சரியாகும்.

சுவருக்கு 10 சென்டிமீட்டர் கனமான ராக்வூல் பேனல்: முன் சுவர்ல ஸ்பீக்கரச் சுத்தி (பெட்டி முதுகுக்குப் பின்னாடி அது நுழைய எடம் இருக்காது), ரெண்டு பக்கச் சுவர்ல கண்ணாடிய நகத்திப் பாத்து ட்வீட்டர் தெரியுற எடத்துல, தலைக்கு மேல ஒண்ணு. சுவருக்கும் பேனலுக்கும் நடுவுல எடம் இருந்தா 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்க, இன்னும் கீழ் சுருதி வரைக்கும் இழுக்கும், ஈரச் சுவர்ல இருந்து பூஞ்சையும் ஏறாது. முட்டை அட்டை ஒட்டுறது வீண் வேலை. ஓலைப்பாயும் அப்படித்தான், மேல் சுருதிய லேசா தொடும், பேஸ ஒண்ணும் பண்ணாது. மூலையில பழைய மெத்தையச் சுருட்டி நிக்க வச்சா அதுவே அதவிட எவ்வளவோ மேல்.

கடைசியா, மிக்ஸ் பண்ணும்போது மேல ஓடுற ஃபேன நிறுத்திருங்க, நிறுத்த முடியாத வெயில்னா ஸ்லோல வைங்க. வேலை முடிஞ்சா ஸ்பீக்கர் மேல பருத்தித் துணி உறை போட்டு மூடுங்க, பிளாஸ்டிக் வேணாம், ஈரம் உள்ளயே நிக்கும். வாரத்துக்கு ஒரு தடவ பெட்டிய லேசா நனைச்ச துணியால தொடச்சு ஒடனே காஞ்ச துணியால தொடைங்க, கோனையும் டோமையும் தொட வேணாம். வருசத்துக்கு ஒரு தடவ வாடைக்காத்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆம்ப் டப்பாவ தெறந்து சிலிக்கா ஜெல் பைய மாத்திட்டு, டிரைவர் ஸ்க்ரூவ கையால இறுக்கிப் பாத்துட்டு, ரூம்ல திரும்ப ஒரு அளவு எடுத்து பழைய அளவோட வச்சுப் பாருங்க, ஏதாவது மாறியிருந்தா அந்தக் கோட்டுலயே தெரிஞ்சிரும்.